கட்டிலில் ஒரு வெளிநோயாளி

என் வீட்டுக்காரர் வெர்லினுக்கு வலி என்று ஒன்று கிடையாது. கல்யாணமாகி ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. ஒரு தடவை சோளம் ஏற்றுகிற இயந்திரத்தில் கை மாட்டி இரண்டு விரல் நசுங்கிப் போனது. கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு சமையலறைக்கு வந்தவர், "ஜெரி, உனக்கு டவுன்ல ஏதாவது வேலை இருக்கா?" என்று கேட்டார். நான் சிகாகோவில் போலந்துக்காரர்கள் தெருவில் பிறந்தவள். எங்கள் வீட்டில் ஒருவருக்கு முள் குத்தினால் அடுத்த தெருவில் கதவைத் திறந்து பார்ப்பார்கள். அப்படிப்பட்டவள், மினசோட்டாவில் இந்த நார்வே வம்சத்துக்காரர்களிடம் வந்து மாட்டிக்கொண்டேன்.

இவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எதைக் கொடுத்தாலும் முதல் தடவை வேண்டாம் என்பார்கள். இரண்டாம் தடவையும் வேண்டாம்தான். மூன்றாம் தடவை கேட்டால், "சரி, உங்களுக்குச் சிரமம் இல்லேன்னா" என்று இழுத்துக்கொண்டே கையை நீட்டுவார்கள். காபிக்கும் இதே சடங்கு, கேக்குக்கும் இதே சடங்கு. புதுப்பெண்ணாக வந்த அன்று மாமியார் "கேக் சாப்பிடறியா?" என்றதும் "குடுங்க" என்று தட்டை நீட்டிவிட்டேன். அந்தப் பேச்சு சர்ச்சில் இரண்டு வருஷம் ஓடியது.

போன ஜனவரியில் தபால் பெட்டி வரைக்கும் போன வெர்லின், ஐஸில் விழுந்து எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். அந்த வழியாகப் பக்கத்துப் பண்ணை டெல்மர் பிக்கப் வண்டியில் வந்தான். கண்ணாடியை இறக்கி, "என்ன வெர்லின், கை குடுக்கவா?" என்றான்.

"வேணாம்ப்பா. சும்மா கொஞ்சம் படுத்திருக்கேன்."

"நெசமாவா சொல்ற?"

"ஒண்ணும் இல்லப்பா, நீ போ."

வேறு ஊரென்றால் இவரைப் பைத்தியம் என்று நினைத்துப் போயிருப்பான், இல்லை ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருப்பான். டெல்மர் இந்த ஊர்க்காரன் அல்லவா, இன்ஜினை அணைத்துவிட்டு இந்த வருஷத்துப் பனியைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினான். ஐஸில் மல்லாந்து கிடந்தபடியே இவரும் பதில் சொல்லியிருக்கிறார். அப்புறம் அவன் மூன்றாவது தடவையாக, "நான் எப்படியும் ஆஸ்பத்திரிப் பக்கம்தான் போறேன்" என்றான். "அப்ப சரி, உனக்குச் சிரமம் இல்லேன்னா" என்று இவர் கையை நீட்டினார்.

இடுப்பெலும்பில் கீறல். ஆபரேஷன் தேவையில்லை, வலிக்கு மருந்து, ஓய்வு, அப்புறம் சில வாரம் நடக்கப் பழக்க வேண்டும் என்றார்கள். மாடியில் ஒரு கட்டிலில் படுக்க வைத்து, பின்பக்கம் திறந்த அங்கியை மாட்டி, கையில் ஊசி குத்தி, மணிக்கட்டில் பட்டை கட்டினார்கள். ராத்திரி அங்கேயே தங்கினார். காலையில் முட்டையும் ரொட்டியும் வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கண்ணிருக்கிற எவளும் அப்படித்தான் நினைப்பாள். என் கண்ணோ பாதிதான் தெரியும், நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு உட்கார்ந்துவிட்டது. எனக்கே அப்படித்தான் தெரிந்தது.

மறுநாள் மத்தியானம் லாவோன் வந்தாள். அந்த ஆஸ்பத்திரியில் நோயாளிக்கும் இன்சூரன்ஸுக்கும் நடுவில் காகிதம் சுமக்கிற வேலை அவளுக்கு. எங்கள் சர்ச்சுதான், நல்ல பெண். ஆனால் அவளும் இந்த ஊர் மண். முக்கியமான விஷயத்தை நேராகச் சொன்னால் நாக்கு வெந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் இவர்கள். பனியைப் பற்றிப் பேசினாள். தன் தங்கை வாங்கிய குளிர்ப்பெட்டியைப் பற்றிப் பேசினாள். வெர்லின் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார். "சரி, நான் கெளம்பறேன்" என்று எழுந்தாள். எழுந்து நின்று சர்ச் விருந்தைப் பற்றிப் பேசினாள். கதவு வரைக்கும் போய், கைப்பிடியில் கையை வைத்துக்கொண்டுதான் விஷயத்துக்கு வந்தாள்.

"ஒண்ணும் பெருசா இல்ல, அக்கா. மாமாவை இன்னும் அட்மிட் பண்ணல. அவ்ளோதான்."

"அட்மிட் பண்ணலையா? அப்ப கட்டில்ல படுத்திருக்கறது யாரு, அவரோட தம்பியா?"

"கண்காணிப்புலதான் வெச்சிருக்காங்க. கணக்குப்படி அவர் வெளிநோயாளி."

"வெளிநோயாளின்னா வெளியில இருக்கணும்மா. இவர் உள்ள இருக்காரு. உள்ள படுத்து உங்க முட்டையைத் தின்னுட்டு இருக்காரு."

"அப்படித்தான் அக்கா எல்லாரும் கேப்பாங்க" என்று தலையைக் குனிந்துகொண்டாள் அவள்.

அவளை இழுத்து உட்கார வைத்து, ஒன்றொன்றாகக் கறந்தேன். மெடிகேர் என்கிற அரசாங்க இன்சூரன்ஸுக்கு, அறுபத்தைந்து வயசுக்கு மேல் நாங்கள் எல்லாரும் நம்பியிருக்கிற அந்தப் புண்ணியவானுக்கு, ஆள் எந்தக் கட்டிலில் படுத்திருக்கிறான் என்பது முக்கியமில்லையாம். டாக்டர் 'உள்நோயாளி' என்று உத்தரவு எழுதினாளா என்பதுதான் முக்கியமாம். உள்நோயாளியாக மூன்று ராத்திரி இருந்தால், அப்புறம் பராமரிப்பு இல்லத்தில் நடக்கப் பழகுகிற முதல் இருபது நாள் செலவு முழுக்க அவர்களுடையது. கண்காணிப்பு என்றால் மூன்று ராத்திரி என்ன, முப்பது ராத்திரி படுத்திருந்தாலும் அது கணக்கில் வராது. இல்லத்துக்குப் போனால் ஒரு நாளைக்கு நானூறு டாலருக்கு மேல் நாங்களே கட்ட வேண்டும். தனியார் கம்பெனித் திட்டத்துக்கு மாறியவர்களுக்கு வேறு கணக்காம். நாங்கள் மாறவில்லை. தினமும் அவர் போடுகிற ரத்த அழுத்த மாத்திரைக்குக்கூட ஆஸ்பத்திரி தனியாக பில் போடுமாம். அதே மாத்திரை என் கைப்பையில் கிடக்கிறது, அதைக் கொடுக்கவும் கூடாதாம்.

"சரி, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா?" என்றேன்.

"இன்னிக்குச் சாயங்காலமே அனுப்பலாம்னு டாக்டர் நெனைக்கிறாங்க."

வெர்லின் ஆறடி ஆள். எனக்கு ஒரு தோள் தூக்கவே வராது. படுக்கையறை மாடியில், கழிப்பறையும் மாடியில். ராத்திரி அவர் விழுந்தால் நான் தூக்க முடியாது, கண் தெரியாமல் வண்டி ஓட்டவும் முடியாது. மகன் அலாஸ்காவில் இருக்கிறான். பண்ணையிலிருந்து அடுத்த வீட்டு விளக்கே குளிர்காலத்தில் இலை உதிர்ந்தால்தான் தெரியும்.

"டாக்டர் எதை வெச்சு உத்தரவு எழுதுவாங்க?"

"ரெண்டு நடுராத்திரியாவது ஆஸ்பத்திரி வைத்தியம் தேவைப்படும்னு அவங்களுக்குத் தோணணும், அக்கா. மாமாவோட குறிப்பைப் பாத்தேன். வலி எவ்ளோன்னு கேட்டதுக்கு, ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள, ரெண்டுன்னு சொல்லியிருக்காரு. வேற தொந்தரவு இல்லைன்னு சொல்லியிருக்காரு. கட்டில் வேற யாருக்காவது வேணுமான்னு கேட்டிருக்காரு." லாவோன் குரலைத் தாழ்த்தினாள். "பொய் சொல்லச் சொல்லல. உள்ளதைச் சொன்னாப் போதும்."

அவள் போனதும் நாற்காலியைக் கட்டிலோடு சேர்த்துப் போட்டேன்.

"என்னங்க, டாக்டர் வர்றதுக்குள்ள ஒரு ஒத்திகை பாத்துடலாம். நான்தான் டாக்டர். வலி எவ்ளோ இருக்கு?"

"ரெண்டு."

"விரல் நசுங்குச்சே, அன்னிக்கு எவ்ளோ?"

நிஜமாகவே யோசித்தார். "நாலு இருக்கும். அது கொஞ்சம் இருந்துச்சு."

"அப்ப பத்துன்னா என்னங்க?"

"பத்துன்னா செத்துப் போறது. செத்தவன் எப்படி நம்பர் சொல்லுவான்? அதனால பத்து கெடையாது."

"ஐயோ கடவுளே. திரும்பிப் படுக்கறப்ப பல்லைக் கடிக்கிறீங்களே, நான் பாக்கலைன்னு நெனைச்சீங்களா? அதைச் சொல்லுங்க."

"அதைப் போயி அந்தப் பொண்ணுகிட்ட எதுக்குச் சொல்லணும்? பாவம், அது வேலையா ஓடிக்கிட்டு இருக்கு."

"முனகவாவது முனகுங்க. இந்தாங்க, இப்படி." எங்கள் அப்பா பித்தப்பைக் கல்லோடு படுத்திருந்தபோது முனகின மாதிரி ஒரு முனகல் முனகிக் காட்டினேன். எங்கள் குடும்பச் சொத்து அது, அடிவயிற்றிலிருந்து வரும். இரண்டாவது முனகலிலேயே கதவு திறந்து ஒரு நர்ஸ் ஓடி வந்தாள். வெர்லினைத் தாண்டி என்னிடம் வந்து, என் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். இறங்குகிற வரைக்கும் நகரக் கூடாது என்று அதட்டினாள். வெர்லின் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார், சிரித்ததில் இடுப்பு இழுத்தது போலிருக்கிறது, முகம் வெள்ளையாகிவிட்டது. வலிக்கிறதா என்றேன். இல்லை என்றார்.

அப்போதுதான் டாக்டர் காப்லான் உள்ளே வந்தாள். நியூயார்க் பெண், சின்ன வயசு, வேகமான நடை. எனக்கு அவளைப் பிடித்திருந்தது, எங்கள் சிகாகோப் பேச்சு மாதிரி நேர்ப் பேச்சு. ஆனால் அவளிடம் ஒரு குறை. எதையும் ஒரே ஒரு தடவைதான் கேட்பாள். கேட்டதற்கு வந்த பதிலை நம்பியும் விடுவாள்.

"எப்படி சார் இருக்கீங்க? வலி?"

"பரவாயில்லம்மா."

"வேற ஏதாவது தொந்தரவு?"

"அதெல்லாம் இல்ல."

"நல்லது. அப்ப சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாம்." பேனாவைப் பைக்குள் செருகிவிட்டாள்.

"டாக்டரம்மா, நில்லுங்க. மறுபடி கேளுங்க."

"என்னத்த கேக்கணும்?"

"வேற ஏதாவது இருக்கான்னு."

"இப்பதானே கேட்டேன். இல்லைன்னாரே."

"அது கணக்குல சேராது. நீங்க ஊருக்குப் புதுசு. கேளுங்கம்மா, என் தலையெழுத்துக்காகவாவது."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். என் ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நர்ஸைப் பார்த்தாள். நர்ஸ் உள்ளூர்க்காரி, கேளுங்கள் என்பது போல மெல்லத் தலையசைத்தாள்.

"சார், வேற ஏதாவது சொல்லணுமா?"

"இல்லம்மா, ஒண்ணும் இல்ல. நீங்க போங்க, வேலை இருக்கும்."

"பாத்தீங்களா?" என்றாள் என்னிடம்.

"இன்னும் ஒரே ஒரு தடவை. அதுக்கப்புறம் நானே அவரை முதுகுல தூக்கிட்டுப் போயிடறேன்."

டாக்டர் பெருமூச்சு விட்டாள். ஆனாலும் நல்ல பெண், ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சார், எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. ஏதாவது இருந்தாச் சொல்லுங்க."

வெர்லின் போர்வை ஓரத்தை நீவிவிட்டார். ஜன்னலுக்கு வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் ஒருவன் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தான், அதைப் பார்த்தார். வலி மூன்று, இல்லை நான்கு என்று சொல்வார் என்று நான் காத்திருந்தேன். மனசுக்குள் ஆறு, ஆறு என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"உங்களுக்கு நேரம் இருந்தா சொல்றேன்" என்றார். "நான் வழுக்கி விழல."

"பின்ன?"

"விழறதுக்கு முன்னாடியே வெளிச்சம் போயிடுச்சு. கண்ணு முழிச்சப்ப ஐஸ்ல கெடந்தேன். கிறிஸ்துமஸுக்கு அப்புறம் கொட்டகையில ரெண்டு வாட்டி இப்படி ஆச்சு. ஒரு வாட்டி வண்டியில."

"எந்த வண்டியில?" என்றேன் நான்.

"நம்ம வண்டியிலதான். சர்ச்சுலேர்ந்து வர்றப்ப."

"யோவ், நான் பக்கத்து சீட்டுல உக்காந்திருந்தேனேய்யா."

"நீ தூங்கிக்கிட்டு இருந்த, ஜெரி."

"அப்ப ரெண்டு பேருமா தூங்கிக்கிட்டே வந்தோம்?"

"இல்ல, வரப்போகுதுன்னு தெரிஞ்சுது. ஓரமா நிறுத்திட்டேன். அப்புறம்தான் போச்சு." டாக்டரிடம் மன்னிப்புக் கேட்பது போலச் சொன்னார். "இவ முழிச்சிட்டு ஏன் நிக்கறோம்னு கேட்டா. பருந்து பாக்கறேன்னு சொன்னேன்."

எனக்கு அந்தப் பருந்து ஞாபகம் வந்தது. எங்கே எங்கே என்று கண் தெரியாத நான் ஐந்து நிமிஷம் தேடியிருக்கிறேன்.

"ஏன் சார் முன்னாடியே சொல்லல?" என்றாள் டாக்டர். குரல் மாறிவிட்டது, பேனா மறுபடி வெளியே வந்துவிட்டது.

"சொன்னா லைசென்ஸைப் புடுங்கிடுவீங்க. இவளால ஓட்ட முடியாது. கண் டாக்டர்கிட்ட மாசாமாசம் ஊசி போடக் கூட்டிட்டுப் போகணும். நான் ஓட்டலைன்னா யாரு ஓட்டுவா? பண்ணையை வித்துட்டு டவுனுக்குப் போகணும்னு பையன் சொல்லுவான். ஜெரிக்கு அந்தச் சமையலறை ஜன்னல் ரொம்பப் புடிக்கும்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஏறின வேகத்திலேயே இறங்கிவிட்டது, அழுகைதான் வந்தது. அவர் ஒன்றும் இல்லை ஒன்றும் இல்லை என்று சொன்னதெல்லாம் எனக்காக என்று தெரிந்தபோது, அவரை அடிக்கலாமா கட்டிக்கொள்ளலாமா என்று தெரியவில்லை. நர்ஸ் என் கையில் பட்டையைக் கட்டியிருந்தாள், இரண்டும் முடியவில்லை.

டாக்டர் அங்கேயே உட்கார்ந்தபடி உள்நோயாளி என்று உத்தரவு எழுதினாள். அரை மணி நேரத்தில் வெர்லின் மார்பில் ஒட்டுகளை ஒட்டி, ஒயர் மாட்டி, தலைமாட்டில் இதயத் துடிப்பைக் காட்டுகிற ஒரு திரையை வைத்தார்கள். லாவோன் வந்து வாழ்த்துச் சொன்னாள், சர்ச் விருந்துக்கு யார் என்ன கொண்டுவருகிறார்கள் என்று சொன்னாள், கதவுக்குப் போய்க் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மூன்று ராத்திரிக் கணக்கு இந்த உத்தரவிலிருந்துதான் ஆரம்பம், நேற்று ராத்திரி சேராது என்றாள்.

"நேத்து ராத்திரி அவர் எங்க இருந்தாராம்? ஹவாய்லயா?" என்று அவளைப் பிடித்துக்கொண்டேன். பாவம், சட்டத்தை எழுதியவள் அவளா? இருந்தாலும் யாரையாவது திட்ட வேண்டியிருந்தது, அவள்தான் கிட்ட இருந்தாள். "நாளைக்கு, நாளன்னிக்கு வரைக்கும் இவரை ஒருத்தரும் வெளிய அனுப்பக் கூடாது, சொல்லிட்டேன். கட்டில் காலோட சங்கிலி போட்டுக் கட்டுவேன்."

அன்று முழுக்க எனக்கு அதே நினைப்புதான். அவரைப் பார்த்ததைவிடக் காலண்டரைத்தான் அதிகம் பார்த்தேன். திரையில் ஓடின கோட்டை நான் கண்டுகொள்ளவே இல்லை. இருபது நாள் கிடைத்துவிடுமா, கிடைக்காதா, அவ்வளவுதான்.

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டில் பச்சை நிற ஜெல்லி வந்தது. அவருக்குப் பிடித்தது. ஒரு கரண்டி எடுத்து வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நின்றுவிட்டார். கண் மேலே செருகியது, கரண்டி மார்பில் விழுந்தது. திரை கூவ ஆரம்பித்தது. "வெர்லின்" என்று கூப்பிட்டேன். வெளியிலிருந்து நான்கு பேர் ஓடி வந்தார்கள், என்னைச் சுவரோரம் தள்ளிவிட்டார்கள். என் கண்ணுக்கு ஆட்களின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. மினசோட்டாவுக்கு வந்த நாளிலிருந்து அடக்கிவைத்த அத்தனை கத்தலையும் அங்கே கத்திவிட்டேன்.

யாரோ "வந்துட்டாரு" என்றார்கள். முதுகுகளுக்கு நடுவிலிருந்து அவர் குரல் கேட்டது. "மன்னிச்சுக்கங்க, ஜெல்லி கொட்டிடுச்சு போலருக்கு."

இதயத்தில் மின்சாரம் ஓடுகிற பாதையில் கோளாறு, அவ்வப்போது சில நொடி நின்றுவிடுகிறது, ஒரு சின்னக் கருவியைத் தோலுக்கடியில் வைத்துவிட்டால் அது தட்டிவிடும் என்று டாக்டர் காப்லான் விளக்கினாள். அப்புறம், "நேத்து சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பியிருந்தா, மாடிப்படியில..." என்று ஆரம்பித்தாள். எல்லாவற்றையும் போட்டு உடைக்கிற நியூயார்க்காரி, அந்த வாக்கியத்தை மட்டும் முடிக்கவில்லை. என் தோளில் கையை வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த நாள் கருவியை வைத்தார்கள். ஆபரேஷன் முடிந்து அவர் தூங்கிக்கொண்டிருந்தபோது லாவோன் வந்தாள். இந்தத் தடவை பனி இல்லை, குளிர்ப்பெட்டி இல்லை, உள்ளே நுழையும்போதே சொல்லிவிட்டாள்.

"அக்கா, இன்னிக்கு ராத்திரியோட மூணு ஆயிடும். இல்லத்துல எடம் சொல்லிட்டேன். கொஞ்ச நாளைக்கு வண்டி ஓட்டக் கூடாது, கண் டாக்டர்கிட்ட டெல்மர் கூட்டிட்டுப் போறானாம். அவனே போன் பண்ணான். செலவைப் பத்திக் கவலைப்படாதீங்க."

"சரிம்மா" என்றேன். எதற்கு என்னிடம் இதைச் சொல்கிறாள் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. இருபது நாளுக்காக நான் சண்டை போட்டேன். அந்த இருபது நாள் மட்டும் எப்படியும் கிடைத்திருந்தால் நான் வாயையே திறந்திருக்க மாட்டேன், சாயங்காலமே அவரைத் திரை இல்லாத இல்லத்துக் கட்டிலுக்கு நானே கூட்டிப்போயிருப்பேன்.

அவள் போனதும் நாற்காலியில் உட்காரப் பிடிக்கவில்லை. கட்டில் கம்பியை இறக்கிவிட்டு அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். கண்தான் தெரியாதே, கையால் தடவி அவர் முகத்தைப் பார்த்தேன். சூடாக இருந்தது. சவரம் செய்யாத தாடி குத்தியது. விழித்துக்கொண்டார்.

"ஜெரி."

"என்னங்க?"

"வலிக்குது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எங்க? நெஞ்சுலயா? நர்ஸைக் கூப்பிடவா? எங்கங்க வலிக்குது?"

"இடுப்புல. நீ என் மேல உக்காந்திருக்க."

சட்டென்று எழுந்து நின்றேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவர் பார்க்கப் பார்க்க, வாய்விட்டு அழுதேன்.